தினமும் ஐந்தெழுத்து ஜபிக்கத் தொடங்கினால் பத்து நாளைத் தாண்டுவதில்லை. வழி சொல்லுங்கள்

நொய்யல்கரை
எல்லோருக்கும் வணக்கம். கோவையில் இருக்கிறேன், வயது 43. போன ஆவணியில் அப்பா காலமானார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் விடியற்காலை ஐந்து மணிக்குப் பலகை போட்டு உட்கார்ந்து ‘நமசிவாய’ ஜபிப்பார். உதடு அசையும், சத்தம் வராது. சமையலறைக்குப் போகிற வழியில் அவரைத் தாண்டிப் போவோம், அவர் கண் திறந்து பார்த்ததே இல்லை. 14 வருடம் அப்படி இருந்தார்.

அவருடைய ருத்திராட்ச மாலை இப்போது என்னிடம் இருக்கிறது. அதை வைத்து நானும் தொடங்கினேன். முதல் முறை 9 நாள் ஓடியது. இரண்டாவது முறை 6 நாள். மூன்றாவது முறை பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து நாலாவது நாளே நின்றது. ஒவ்வொரு முறையும் 108 தான் சொன்னேன். பாதிக்கு மேல் வாய் மட்டும் சொல்கிறது, மனசு மதியச் சாப்பாட்டு டப்பாவில் என்ன வைப்பது என்று யோசிக்கிறது. இப்படிச் சொல்வதற்குச் சொல்லாமலே இருக்கலாமே என்று தோன்றி விட்டுவிடுகிறேன்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. இறந்தவருடைய ஜபமாலையை எடுக்கக் கூடாது என்று அத்தை சொல்கிறார். தீட்சை வாங்காமல் சொல்லலாமா என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டார். இந்த மூன்றுக்கும் விவரம் தெரிந்தவர்கள் பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

பழனிப்பாதை
அப்பாவுக்கு என் வணக்கம்.

நான் ஐந்தெழுத்து இல்லை, ஆறெழுத்து. ‘சரவணபவ’. 22 வருடமாகச் சொல்கிறேன். நீங்கள் 108-இல் தொடங்கியதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். அது அப்பாவின் கணக்கு. ஓய்வு பெற்ற மனிதரின் கணக்கு. அவருக்கு டப்பா கட்ட வேண்டியதில்லை, வண்டி பிடிக்க வேண்டியதில்லை. உங்கள் கணக்கு வேறாகத்தான் இருக்கும்.

நான் தொடங்கியபோது பழனி அடிவாரத்தில் ஒரு பெரியவர் சொன்னது இதுதான்: “குளித்துத் துண்டைக் கட்டிய கையோடு 11 சொல்லு. 12 சொல்லாதே.” ஏன் 12 கூடாது என்று கேட்டேன். “நாளைக்கும் பசி இருக்கணும்” என்றார். ஒரு வருடம் 11 மட்டும் சொன்னேன். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த ஒரு வருடத்தில் குளியலும் ஜபமும் ஒட்டிக்கொண்டுவிட்டன. இன்றைக்கும் தலையில் தண்ணீர் விழுந்தால் வாய் தானாகத் தொடங்கிவிடும்.

உரு (திரும்பத் திரும்பச் சொல்கிற ஜபம்) ஏறத் திரு ஏறும் என்பார்கள். உரு ஏற வேண்டுமானால் முதலில் நாள் ஏற வேண்டும்.

தேவாரப்பள்ளி
நொய்யல்கரை, மயிலாடுதுறைப் பக்கம் ஓர் ஓதுவாரிடம் எட்டு வருடம் திருமுறை படித்தவன் நான். தீட்சை பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் பலரையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

சைவத்தில் சமய தீட்சை, விசேட தீட்சை, நிருவாண தீட்சை என்று படிகள் உண்டு. தீட்சை பெற்றவர்கள் நியாசம் (மந்திர எழுத்துகளை உடம்பில் தொட்டு நிறுத்துவது), தியானம் எல்லாம் வைத்து முறையாக ஐந்தெழுத்தை ஜபிப்பார்கள். அது ஒரு வழி, பெரிய வழி. கிடைத்தால் பெற்றுக்கொள்ளுங்கள். ஆனால் கிடைக்கும்வரை வாயைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லி நம் பெரியவர்கள் சொல்லவில்லை. சம்பந்தர் கடைசியாகப் பாடியது நமச்சிவாயத் திருப்பதிகம். திருநல்லூர்ப்பெருமணத்தில், இன்று ஆச்சாள்புரம் என்கிற ஊரில், தம் திருமணத்தன்று பாடினார். மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. அதில் ஒரு பாட்டு, கொலை செய்தவரே ஆனாலும், நல்ல குணம் ஒன்றும் இல்லாதவரே ஆனாலும், இந்த நாமத்தைச் சொன்னால் தீங்கு நீங்கும் என்கிறது. அவர்களுக்கே கதவு திறந்திருக்கிறது. உங்களை யார் நிறுத்துவது?

கூடவே ஓர் எழுத்துச் செய்தி. நீங்கள் ‘நமசிவாய’ என்று எழுதியிருக்கிறீர்கள், தேவாரத்தில் ‘நமச்சிவாய’ என்று வரும். இரண்டும் சரி. வடமொழியில் ‘நம:’ என்ற சொல்லோடு ‘சிவாய’ சேரும்போது அந்த விசர்க்கம், அதாவது இரு புள்ளியால் குறிக்கும் மூச்சொலி, ‘ச்’ ஆகிவிடும். யஜுர் வேதத்து ஸ்ரீருத்திரத்தின் எட்டாவது அனுவாகத்தில் இந்த மந்திரம் வருகிற இடத்திலும் ஒலி அப்படித்தான். எழுத்து எண்ணும்போது அந்த ‘ச்’ கணக்கில் வராது. ந, ம, சி, வா, ய. ஐந்துதான். எப்படிச் சொன்னாலும் ‘வா’வைக் குறுக்கிவிடாதீர்கள். வேகமாகச் சொன்னால் ‘நம்சிவய’ என்று தேய்ந்துவிடும். ஐந்தும் ஐந்தாகக் காதில் விழ வேண்டும்.

அரங்கத்தாள்
ஸ்ரீரங்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் இதைக் கொஞ்சம் வேறு மாதிரி பிரித்து வைத்திருக்கிறோம், சொல்லலாம் அல்லவா?

‘ஓம் நமோ நாராயணாய’ என்ற எட்டெழுத்து மந்திரத்தை ஆசாரியர் மூலமாகத்தான் பெறுவோம். பஞ்ச சம்ஸ்காரம் என்று அவர் செய்துவைக்கும் ஐந்து சடங்குகளில் மந்திர உபதேசமும் ஒன்று. ஆனால் திருநாமம் என்பது வேறு. கோவிந்தா, நாராயணா, ஸ்ரீராமா என்று சொல்ல யாரிடமும் அனுமதி வேண்டாம், இடம் காலம் வேண்டாம். என் பாட்டி கோலம் போடும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கோவிந்தா சொல்வார். அவர் ஜபம் செய்கிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

திருக்கோட்டியூரில் ராமானுஜர் கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் உபதேசித்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைச் சொல்கிற எல்லோரும் அவர் கதவைத் திறந்ததைச் சொல்வார்கள். அதற்கு முன்னால் அந்த உபதேசத்தைப் பெறுவதற்காக ஸ்ரீரங்கத்திலிருந்து அவ்வளவு தூரம் 18 முறை நடந்ததும் அதே கதையில்தான் இருக்கிறது. எனக்கு அந்த நடைதான் முக்கியமாகப் படுகிறது. மூன்று முறை விட்டுப்போனது என்கிறீர்கள். இன்னும் 15 இருக்கிறது அம்மா.

நொய்யல்கரை
அரங்கத்தாள், கடைசி வரியைப் படித்து அழுதுவிட்டேன்.

பழனிப்பாதை ஐயா, 11 என்பது மனசுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் குளியலோடு ஒட்ட வைக்க முடியாது. எங்கள் வீட்டில் ஒரே குளியலறை, நான் வெளியே வரும்போது இரண்டு பேர் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். காலையில் எனக்கு மட்டும் என்று இருக்கிற நேரம் பால் காய்கிற நேரம்தான். அடுப்படியில் நின்றுகொண்டு சொல்லலாமா? அது மரியாதைக் குறைவாகுமா?

இரவுப்பணி
நான் செவிலியர். மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. பிரம்ம முகூர்த்தத்தில் சொல்லுங்கள் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும், சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம். ஆறு மணிக்கு உதயம் என்றால் 4.24 முதல் 5.12 வரை. எனக்கு அந்த நேரத்தில் வார்டில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும். ரொம்ப நாள் அந்த நேரம் கிடைக்காததையே காரணமாக வைத்துத் தொடங்காமல் இருந்தேன்.

இப்போது நான் செய்வது: வார்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்கும்போது மனசுக்குள் சொல்வேன். ஓர் அடிக்கு ஓர் எழுத்து, ஐந்து அடிக்கு ஒன்று. ஒரு கட்டிலுக்கும் இன்னொரு கட்டிலுக்கும் நடுவில் ஒன்று முடியும். நோயாளி கூப்பிட்டால் நிறுத்திவிடுவேன். எண்ணிக்கை கிடையாது. பணி முடிந்து வீட்டுக்கு வந்து குளித்தபிறகு உட்கார்ந்து 27 சொல்வேன், அது காலை 9 மணியானாலும் சரி, மதியம் 2 மணியானாலும் சரி. அதுதான் என் விடியல்.

பால் காய்கிற நேரம் அருமையான நேரம். பால் பொங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்ற கணக்கு மட்டும் வேண்டாம், பதற்றம் வந்துவிடும்.

கிரிவலம்
எல்லோரும் நல்ல யோசனைகள் சொல்கிறீர்கள். ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வியை யாரும் தொடவில்லையே. வாய் சொல்கிறது, மனசு டப்பாவில் இருக்கிறது. இதற்கு என்ன பதில்?

எனக்கு இதில் சமாதானம் சொல்ல மனம் வரவில்லை. நாள் கணக்கு, இடம், அடுப்படி எல்லாம் வெளி வேலி. உள்ளே பயிர் இல்லையென்றால் வேலி எதற்கு? சம்பந்தரே, சீகாழியில் உபநயனத்தின்போது பாடிய பஞ்சாக்கரப் பதிகத்தில் “நெஞ்சகம் நைந்து நினைமின் நாள்தொறும்” என்கிறார். நாள்தொறும் என்பதைப் பிடித்துக்கொள்கிறோம், நெஞ்சகம் நைந்து என்பதை விட்டுவிடுகிறோம். டேப் ரெக்கார்டர்கூட நாள்தோறும் சொல்லும்.

நான் இருப்பது திருவண்ணாமலை. இங்கே 1907-இல் காவ்யகண்ட கணபதி முனிவர் ரமணரிடம் போய், இத்தனை ஜபம் செய்தும் தவம் என்றால் என்னவென்று புரியவில்லை என்று கேட்டார். அத்தனை மந்திரங்களைக் கோடிக்கணக்கில் ஜபித்தவர் அவர். ‘நான்’ எங்கிருந்து எழுகிறது என்று கவனி, மந்திரத்தைச் சொன்னால் அதன் ஒலி எங்கிருந்து எழுகிறது என்று கவனி, அதுவே தவம் என்பதுதான் கிடைத்த பதில். எண்ணிக்கை ஏறிய ஒருவருக்கே அது தேவைப்பட்டது. நொய்யல்கரை, 11 வேண்டாம், மூன்று சொல்லுங்கள். மூன்றையும் கேட்டுச் சொல்லுங்கள்.

தேவாரப்பள்ளி
கிரிவலம், நீங்கள் சம்பந்தரை எடுத்தீர்கள், நான் சுந்தரரை எடுக்கிறேன்.

நொய்யல்கரைக்கு இது பக்கத்து ஊர். ஈரோட்டிலிருந்து கரூர் போகும் வழியில் கொடுமுடி, காவிரிக் கரை. அங்கே சுந்தரர் பாடிய நமச்சிவாயப் பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு இப்படி முடியும்: “நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே.” நான் உன்னை மறந்தாலும் என் நாக்கு சொல்லும். இதைப் பாடுகிறவர் சாதாரணர் இல்லை, இறைவனையே தோழராகக் கொண்டவர். அவரே தாம் மறக்கக்கூடும் என்று நினைக்கிறார். மறதி வரும் என்று தெரிந்து, அந்த நேரத்துக்காக நாக்கைப் பழக்கி வைக்கிறார்.

மனசு நம் சொல் கேட்காது. நாக்கு கேட்கும், விரல் கேட்கும், கால் கேட்கும். கேட்கிறதை வைத்துத்தானே தொடங்க முடியும்? என் ஆசான் பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பதிகம் சொல்லிக்கொடுக்கும்போது பொருள் சொல்ல மாட்டார். பண்ணோடு வாயில் ஏற்றிவிடுவார். எனக்கு அந்தப் பாட்டுகளின் பொருள் புரிந்தது முப்பது வயதுக்கு மேல், அம்மாவைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்த அன்று இரவு. வாயில் ஏற்றி வைக்காமல் இருந்திருந்தால் அன்றைக்குப் புரிவதற்கு உள்ளே எதுவும் இருந்திருக்காது.

கிரிவலம்
உங்கள் அம்மா பற்றிப் படித்ததும் பதில் எழுதவே தயக்கமாக இருந்தது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்.

அதே கொடுமுடிப் பதிகத்தின் முதல் அடியை எடுத்துப் பாருங்கள். “மற்றுப் பற்றெனக்கின்றி நின் திருப்பாதமே மனம் பாவித்தேன்” என்றுதான் தொடங்குகிறார். முதலில் மனம், அப்புறம்தான் நா. மனம் வைத்து வைத்துப் பழகியதால் அது மறந்தாலும் நா தொடர்கிறது. நாக்கை மட்டும் பழக்கினால் போதும் என்று அந்தப் பாட்டு சொல்வதாக எனக்குப் படவில்லை.

தேவாரப்பள்ளி
முதல் அடியை மறந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எட்டு வருடம் படித்தும் கடைசி அடியைத்தான் எப்போதும் தூக்கிக்கொண்டு வருகிறேன். நன்றி.

அப்படியானால் இரண்டையும் சேர்த்து ஒன்று சொல்லலாமா? பலகையில் உட்கார்ந்ததும் முதல் மூன்றை கிரிவலம் சொன்ன மாதிரி, ஒலி எங்கே எழுகிறது என்று கேட்டு, மிக மெதுவாகச் சொல்லுங்கள். நடுவில் வரும் ஏழு தடவையை நாக்கிடம் விட்டுவிடுங்கள். டப்பா ஞாபகம் வந்தால் வரட்டும். சண்டை போட வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். பதினொன்றாவதை மறுபடியும் கேட்டுச் சொல்லி எழுந்துவிடுங்கள்.

கிரிவலம்
இதில் எனக்கு முழுச் சம்மதம்.

நல்லூர்வீதி
யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். எல்லாம் வாசிச்சன், நல்ல கதை. எங்கட ஆட்கள் கனபேருக்குச் சின்ன வயசில பள்ளிக்கூடத்தில காலமை சிவபுராணம் சொல்லித்தான் நாள் தொடங்கும். “நமச்சிவாய வாஅழ்க” எண்டு 95 அடி. இடம்பெயர்ந்து போன காலத்தில எங்கட அம்மாட்ட மாலை இல்லை, படம் இல்லை, விளக்கு இல்லை. பொழுதுபட்டால் நாங்கள் நாலு பிள்ளையளும் அவவைச் சுத்தி இருந்து சிவபுராணம் சொல்லுவம். அதுதான் எங்கட சாமியறை. அதால தங்கச்சி, அடுப்படி மரியாதைக் குறைவோ எண்டு யோசிக்காதேங்கோ.

மாலை இல்லாட்டி விரலில எண்ணலாம். அதை ஆராவது வடிவாச் சொல்லிக் குடுங்கோ, எனக்கு எழுத்தில விளங்கப்படுத்தத் தெரியேல்லை.

பழனிப்பாதை
விரல் கணக்கு நான் சொல்கிறேன். வலது கையை விரித்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

மோதிர விரலின் நடுக் கணுவில் கட்டை விரலை வையுங்கள், அது 1. அதே விரலின் கீழ்க் கணு 2. அப்படியே சுண்டு விரலுக்கு வந்து கீழ், நடு, மேல் என்று 3, 4, 5. பிறகு மோதிர விரலின் மேல் கணு 6, நடுவிரலின் மேல் கணு 7. சுட்டு விரலுக்கு வந்து மேல், நடு, கீழ் என்று இறங்கினால் 8, 9, 10. நடுவிரலின் நடுக் கணுவும் கீழ்க் கணுவும் மிச்சம் இருக்கும். அவற்றைத் தொடக் கூடாது, அது மேரு. பத்து முடிந்ததும் இடது கையில் அதே மாதிரி ஒரு கணு தள்ளுங்கள். இடது கை பத்தும் நிறைந்தால் 100. மேலே 8 சொன்னால் 108.

உங்களுக்கு இப்போது 11 என்றால் ஒரு சுற்றும் ஒன்றும். இடது கையில் கரண்டி இருக்கலாம்.

மாலையில் எண்ணினால் நடுவிரலில் தொங்கவிட்டு, கட்டை விரலால் மணியைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். சுட்டு விரல் படக் கூடாது. மேரு மணி, அதாவது மாலையின் தலைமணி, வந்தால் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

நொய்யல்கரை
மணியை அப்பா அப்படித்தான் இழுப்பார்! சுட்டு விரலை விறைப்பாக நீட்டி வைத்திருப்பார். கையில் வலியோ என்று நினைத்திருந்தேன். ஒருநாளும் கேட்கவில்லை.

மாலை பற்றி யாராவது சொல்லுங்கள். அத்தை சொன்னதை மீறவும் மனசு வரவில்லை, பெட்டிக்குள் பூட்டி வைக்கவும் மனசு வரவில்லை.

தேவாரப்பள்ளி
ஜபமாலையை ஒருவர்தான் வைத்துக்கொள்ள வேண்டும், கைமாற்றக் கூடாது என்கிற வழக்கம் உண்டு. அத்தை இல்லாததைச் சொல்லவில்லை. அதே சமயம் அப்பா கட்டிய ருத்திராட்சத்தைப் பிள்ளை கட்டுகிற வழக்கமும் எத்தனையோ குடும்பங்களில் இருக்கிறது. பாலிலும் தண்ணீரிலும் கழுவி, திருநீறு பூசி, கோயிலில் குருக்களிடம் கொடுத்துச் சுவாமி பாதத்தில் வைத்து வாங்கிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் செய்தது இதுதான்.

ஆனால் உடனே செய்ய வேண்டாம் என்பது என் எண்ணம். இப்போதைக்கு மாலையைச் சுவாமி படத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு விரலில் எண்ணுங்கள். மாலையை எடுத்தால் அப்பாவின் 108-ஐயும் சேர்த்து எடுத்துவிடுவீர்கள், மறுபடியும் பத்தாவது நாள் நிற்கும். ஒரு மண்டலம் போகட்டும், 48 நாள். அதற்குள் அத்தையிடமும் ஒரு வார்த்தை பேசிவிடலாம்.

அரங்கத்தாள்
ஒரு சின்ன விஷயம், பெண்கள் யாரும் வெளிப்படையாகக் கேட்க மாட்டார்கள் என்பதால் நானே சொல்கிறேன். மாதத்தில் அந்த மூன்று நாள் என்ன செய்வது என்பதில்தான் பலருக்கும் பழக்கம் அறுந்துபோகிறது. எங்கள் வீட்டில் விளக்கேற்ற மாட்டோம், பூஜை அறைக்குள் போக மாட்டோம். ஆனால் மனசுக்குள் திருநாமம் சொல்வதை யாரும் நிறுத்தச் சொன்னதில்லை.

இரவுப்பணி
நான் அந்த நாட்களிலும் உட்கார்ந்து சொல்கிறேன். அவரவர் வீட்டு வழக்கம், அவரவர் மனசு. நான் சொல்ல வந்தது அரங்கத்தாள் சொன்னதேதான், எந்த வழக்கமானாலும் மனசுக்குள் ஒன்றாவது சொல்லிவிடுங்கள், அறுக்காதீர்கள். வாய்விட்டுச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, உதடும் அசையாதது மானசம். மூன்றில் மானசத்தைத்தான் மனுஸ்மிருதி உயரத்தில் வைக்கிறது. அப்பா செய்தது உபாம்சு.

அப்புறம் விட்டுப்போன நாள் பற்றி. நான் ஒரு பழைய நாட்காட்டியில் புள்ளி வைத்துப் பார்த்தேன், ஒரு கட்டம் காலியாக இருந்தால் மனசு விட்டுப்போய் மறுநாளும் விடுவேன். நாட்காட்டியை எடுத்துவிட்டேன். இப்போது நேற்றுச் சொன்னேனா என்று கேட்டுக்கொள்வதே இல்லை. இன்றைக்குச் சொல்லிவிட்டேனா, அவ்வளவுதான்.

பழனிப்பாதை
எனக்கு நேர்மாறு. எனக்கு நாட்காட்டி வேண்டும். 22 வருட நாட்காட்டியும் பரணில் இருக்கிறது. உங்களுக்கு எது ஒத்துவருகிறது என்று ஒரு வாரம் பாருங்கள் அம்மா.

நொய்யல்கரை
எல்லோருக்கும் நன்றி. நாளை திங்கட்கிழமை. பால் அடுப்பில், 11, விரலில். முதல் மூன்றும் கடைசி ஒன்றும் கேட்டு. மாலை படத்துக்குப் பக்கத்தில். நடுவில் வந்து எழுத மாட்டேன், முடிந்ததும் வருகிறேன்.

*(53 நாள் கழித்து)*

நொய்யல்கரை
வந்துவிட்டேன். இழை இன்னும் திறந்திருப்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

48-இல் 41 நாள் சொன்னேன். ஏழு நாள் விட்டது. அதில் நாலு நாள் தொடர்ச்சியாக, ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது. அங்கே பால் காய்ச்சியது நான் இல்லை, அதனால் ஞாபகமே வரவில்லை! வீட்டுக்குத் திரும்பி மறுநாள் அடுப்பைப் பற்றவைத்ததும் கட்டை விரல் போய் மோதிர விரலில் நின்றது. முன்பெல்லாம் விட்டால் வருத்தப்பட்டுக்கொண்டே இரண்டு வாரம் போகும். இந்த முறை வருத்தப்பட நேரம் இருக்கவில்லை, அதற்குள் ஐந்து சொல்லியிருந்தேன்.

மனசு இன்னும் ஓடுகிறது. டப்பா, வீட்டுப்பாடம், கரண்ட் பில். கேட்டுச் சொல்கிற அந்த மூன்றில்கூட இரண்டுதான் கேட்கிறது. ஆனால் 30-வது நாள் வாக்கில் ஒன்று நடந்தது. காந்திபுரத்திலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தேன், நல்ல கூட்டம். நடத்துநர் சீட்டு கொடுக்கக் கை நீட்டியபோதுதான் கவனித்தேன், என் கட்டை விரல் சுண்டு விரலில் இருந்தது. எப்போது தொடங்கியது, எத்தனை சுற்று போனது, ஒன்றும் தெரியாது. சீட்டை வாங்கி இடது கையில் வைத்துக்கொண்டு மேலே தொடர்ந்தேன்.

அன்று இரவு அத்தைக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் “உங்க அப்பனும் பஸ்ஸுல அப்படித்தான் வருவான்” என்றார். போன ஞாயிற்றுக்கிழமை அவரே என்னைக் கூட்டிக்கொண்டு கொடுமுடிக்குப் போனார். மாலையை மகுடேசுவரர் சந்நிதியில் வைத்து வாங்கிக்கொடுத்தார்.

கிரிவலம்
இரண்டு கேட்டால் போதும். மூன்றாவது வரும்போது வரட்டும்.

பழனிப்பாதை
எண்ணிக்கையைக் கூட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒரு வருடம் வேண்டாம்.

நொய்யல்கரை
கேட்க மாட்டேன் ஐயா, 11 தான். ஆனால் வேறொரு சந்தேகம். மாலையின் நூல் நைந்திருக்கிறது, மேருவுக்குப் பக்கத்தில் இரண்டு இழைதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. கையில் எடுக்கப் பயமாக இருக்கிறது. எதில் கோர்ப்பது? அப்பா கோர்த்த முடிச்சு ஒவ்வொரு மணிக்கும் நடுவில் இருக்கிறது, எனக்கு அது போடத் தெரியாது.

தேவாரப்பள்ளி
பட்டு நூல் நல்லது, மூன்று புரியாக முறுக்கி வாங்குங்கள். வெள்ளிக் கம்பி வேண்டாம், மணியின் துளையை அறுத்துவிடும். அந்த முடிச்சுக்குப் பிரம்ம முடிச்சு என்று பெயர். மணியோடு மணி உரசாமல் காக்கும், ஒன்று அறுந்தால் மற்றவை சிதறாது. கோயில் வாசலில் ருத்திராட்சம் விற்கிறவர்களில் வயதானவராகப் பார்த்துக் கேளுங்கள், போட்டுக் காட்டுவார்கள். பழைய நூலை அறுப்பதற்கு முன் ஒரு தாம்பாளத்தில் வைத்து 108 இருக்கிறதா என்று எண்ணிவிடுங்கள்.

நொய்யல்கரை
எண்ணினேன். மேருவைச் சேர்க்காமல் 108 இருக்கிறது. புதன்கிழமை அத்தை நூல் வாங்கி வருகிறார்.